வரிக்குப் பன்னிரண்டு காசு

செந்தூல் அடுக்குமாடியின் பதினோராவது தளம்.
மழை விடாததால் துணி காயாத ஐந்தாம் நாள்.
பகலில் செகாம்புட்டில்
நாற்காலி செய்யும் பட்டறையில் கணக்கெழுதுகிறேன்.
இரவில் இந்த வேலை.
யாரோ படமெடுத்து அனுப்பிய
பழைய தாள்களின் பெயர்களைப் படித்துத்
தட்டெழுதித் தர வேண்டும்.
வரிக்குப் பன்னிரண்டு காசு.
படிக்க முடியாவிட்டால் கேள்விக்குறி போடலாம்,
கேள்விக்குறிக்குக் காசு கிடையாது.

இன்றைய கட்டு ஆயிரத்து அறுநூற்று அறுபது.
இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர்.
தகப்பனின் தலையை வாங்கிய படைக்குச்
சம்பளம் பாக்கியாம்.
பாக்கியைத் தீர்த்துக் கலைத்தால்தான்
திரும்பி வந்த மகன்
அரியணையில் நிம்மதியாய்ச் சாய முடியும்.
மகன் கையில் காசில்லை.
ஆகவே ஊரெல்லாம்
தலைக்கு இவ்வளவு.

சிரித்துவிட்டேன்.
பக்கத்து அறையில் குமுதினிக்கு
அதிகாலை ஷிஃப்ட். வாயைப் பொத்திக்கொண்டேன்.

கோமகனுக்கு நூறு பவுன்.
கீழே வர வர இறங்கி,
கடைசியில்
கல்யாணமானவருக்கு ஆறு பென்னி,
பதினாறு தாண்டியும் ஆகாதவருக்குப் பன்னிரண்டு.
பிச்சை வாங்குவோரை விட்டுவிடலாம்.

எனக்கு நாற்பத்தொன்று.
தைப்பூசக் கூட்டத்தில் சித்தப்பா
கேட்க வந்து கேட்காமல் போனதை
ஓர் அரசாங்கம்
கதவைத் தட்டியே கேட்டிருக்கிறது.

கொல்லன். ஆறு.
அவன் மனைவி. ஆறு.
கம்பளி நெய்பவன். ஆறு.
அவன் மனைவி. ஆறு.
மனைவி எவளுக்கும் பெயர் எழுதவில்லை,
தொகையை மட்டும் மறக்கவில்லை.
'அவன் மனைவி' என்பதும் ஒரு வரிதான் எனக்கு.
காசு உண்டு.
முன்னூற்று ஐம்பது வருஷம் கழித்து
செத்தவர்களிடம் நானும்
தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன்.
இந்த மாதம் தண்ணீர்க் கட்டணம்
அவர்கள் கணக்கு.

இருநூற்றுப் பதினேழாவது வரியில் நின்றேன்.
வேலைக்காரி. பன்னிரண்டு.
பெயரின் மேல் ஈரம் பரவியிருக்கிறது.
ஆன்? ஏமி? ஆக்னஸ்?
பிறகு வேறொரு மையில்
குறுக்கே ஒரு கோடு.
ஓரத்தில், வேறொருவர் கையெழுத்தில்:
போய்விட்டாள்.

திங்கட்கிழமை
லெவிப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தேன்.
முப்பத்தெட்டு பேர்.
முதலாளி கட்டுவதாக மேலே போகும்,
மாதாமாதம் அவர்கள் சம்பளத்தில் கீழே இறங்கும்.
இருபத்தாறாவது பெயர் ரஃபிக்குல்.
நாற்காலிக் கால்களைத் தேய்ப்பவன்.
எட்டாம் தேதிக்குப் பிறகு ஆளில்லை.
மேலாளர் எட்டிப் பார்த்து,
'லாரி'ன்னு போடும்மா, என்றார்.
ஓடிப்போனான் என்று மலாயில்.
போட்டேன்.
நாலெழுத்து. கட்டத்துக்குள் அடங்கியது.
விடுதியில் அவன் செருப்பு
இன்னும் வாசலில்தான் கிடக்கிறதாம்.

பெயரைப் பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
எழுத்து உடைந்து சதுரமாகி
சதுரம் சாம்பலாகி
எதிர் அடுக்குமாடியின் அணைந்த ஜன்னல்களைப்போல்
திரை முழுக்க நின்றது.
அரைமணி நேரம்.
கொம்யூட்டரின் கடைசி ரயிலும் போனது.
'ஆன்' என்று போட்டால்
யார் கேட்கப்போகிறார்கள்?
பன்னிரண்டு காசு வரும்.

எந்தச் சாலையில் போனாளோ.
தண்டல்காரன் மணியடிக்கும் முன்பா,
அடித்த பின்பா?
அவள் துணிமூட்டைக்குள்
அந்தப் பன்னிரண்டு பென்னி
முழுசாக இருந்திருக்கும்,
ஒரு வேளை ரொட்டிக்கும்
ஒரு படகுக்கும்.
அல்லது பன்னிரண்டு பென்னி
எந்நாளும் இருந்திராது.
அதனால்தான் போனாளோ.

கேள்விக்குறி போட்டேன்.

அவளால் அரசனுக்குப் பன்னிரண்டு நட்டம்.
எனக்கும் பன்னிரண்டு.

போகட்டும்.